கொய்யாக் கனியும் கொய்யும் கையும்

இலக்கணம் கற்பிக்கும் ஆசிரியர் எடுத்துக்காட்டு வேண்டி நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. வீட்டு முற்றத்திலேயே ஒன்று நிற்கிறது. 'கொய்' என்பது பறித்தலைக் குறிக்கும் வினைப்பகுதி. 'கொய்யாக் கனி' என்பதைக் 'கொய்யாத கனி' என விரித்தால், அது ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சத் தொடராகிறது. 'கொய்யா வந்தான்' எனின், செய்யா என்னும் வாய்பாட்டு வினையெச்சமாய் நின்று, 'கொய்து வந்தான்' என உடன்பாட்டுப் பொருள் தருகிறது. பறிக்காமையும் பறித்தலும் ஒரே வடிவில் அடங்கிக் கிடக்கின்றன. மூன்றாவதாக, அது ஒரு மரத்தின் பெயராகவும் வழங்குகிறது. "கொய்யாத பழமாயின் அது கடைக்கு வந்தது எப்படி?" என்று கேட்டு வகுப்பைச் சிரிக்க வைக்கும் மாணவன் எந்தப் பள்ளியிலும் இருப்பான்.

அந்தக் கேள்வியை விளையாட்டென்று தள்ளிவிட வேண்டுவதில்லை. அம்பாங் வட்டாரத்தில் வீட்டுக்கு ஒரு கொய்யா நட்டவர் பலர். புழுவில்லாப் பழம் உண்டவர் சிலரே. பலரது மனக்குறை, "மரம் நன்றாகக் காய்க்கிறது, ஆனால் ஒரு பழமும் வாயில் வைக்க முடியவில்லை" என்பதே. சினந்து மரத்தை வெட்டிவிடுவோரும் உண்டு. நஞ்சு தெளித்துக் குழந்தைகள் கைக்கெட்டும் பழத்தைக் கெடுத்துக் கொள்வோரும் உண்டு. இவ்விரண்டும் வேண்டாதவை. மரத்தின் இயல்பு, மண்ணின் இயல்பு, ஈயின் இயல்பு ஆகிய மூன்றையும் அறிந்து கொண்டால், கத்தரியும் பழைய நாளிதழுமே போதிய கருவிகள் ஆகும்.

பெயர் வந்த வழி

தமிழ்ச் சொல்லைப் போலத் தோன்றினும், கொய்யா என்னும் பெயர் 'கொய்' என்னும் வினையினின்று பிறந்ததன்று. கொய்யா அமெரிக்க வெப்ப நாடுகளுக்கு உரிய மரம். பெரு நாட்டுக் கடற்கரையின் தொல்லிடங்களில் அதன் விதைகள் கண்டெடுக்கப்பட்டுள்ளன. கரிபியத் தீவுகளின் பழங்குடியினர் வழங்கிய பெயரை இசுபானியர் 'குவாயாபா' என்றும், போர்த்துக்கீசியர் 'கொயாபா' என்றும் ஒலித்தனர். அவர்தம் கப்பல்களில் மிளகாயும் அன்னாசியும் முந்திரியும் பப்பாளியும் கீழ்நாடுகளுக்கு வந்தது போலவே கொய்யாவும் வந்தது. தமிழர் அப்பெயரைத் தம் நாவிற்கேற்பத் திருத்திக் கொண்டனர். அவ்வாறு திருத்திய வடிவம் ஒரு தூய தமிழ் வினையோடு ஒத்து நின்றது தற்செயலே.

அண்டை மொழியார் வேறு வழி சென்றனர். பேரிக்காயைக் குறிக்கும் 'பேரா' என்ற போர்த்துக்கீசியச் சொல்லை இப்பழத்திற்கு ஏற்றியதால், மலையாளத்தில் 'பேரக்க' என்றும், சிங்களத்தில் 'பேர' என்றும், வங்காளத்தில் 'பெயாரா' என்றும் பெயர் வழங்கலாயிற்று. இந்தியில் வழங்கும் 'அம்ரூத்' பாரசீக மொழியில் பேரிக்காய்க்கு உரிய பெயர்.

மலாய் மொழியார் இதனை 'ஜம்பு பத்து' என்பர். பத்துமலை என்னும் பெயரில் உள்ள 'பத்து' எண்ணுப் பெயரன்று. கல் என்னும் பொருளுடைய மலாய்ச் சொல். அதுவே இங்கும் வந்துள்ளது. 'ஜம்பு' என்பதோ நாவலைக் குறிக்கும் வடசொல். நாவலந்தீவை 'ஜம்புத்வீபம்' என்று கூறும் மரபைத் தமிழாசிரியர் அறிவர். ஆகவே 'ஜம்பு பத்து' என்பது 'கல் நாவல்' ஆகிறது. இப்பெயரிட்ட மக்கள் தாவர நூல் கற்றவர் அல்லர். எனினும் தாவர நூலார் நாவலையும் கொய்யாவையும் கிராம்பையும் யூக்கலிப்டசு மரத்தையும் ஒரே குடும்பத்தில்தான் வைக்கின்றனர். எதிரெதிரே அமைந்த இலைகளும், கொத்தாய் விரியும் எண்ணற்ற மகரந்தத் தாள்களும் அக்குடும்பத்தின் அடையாளங்கள். கொய்யாவின் நுனியில் முடிபோல ஒட்டி நிற்பவை பூவின் புல்லிதழ்களே. மாதுளையிலும் இத்தகைய முடி உண்டு. 1753ஆம் ஆண்டில் லின்னேயசு கொய்யாவுக்கு அறிவியற் பெயர் சூட்டியபோது, கிரேக்கர் மாதுளைக்கு வழங்கிய பெயரொன்றையே எடுத்துக் கொண்டார்.

அம்பாங்கின் மண்

1857ஆம் ஆண்டில் கிள்ளானை ஆண்ட ராஜா அப்துல்லா ஈயம் தேடி 87 சீனத் தொழிலாளரைக் கிள்ளான் ஆற்றின் வழியே அனுப்பினார். கிள்ளானும் கொம்பாக்கும் கூடும் இடத்தில் படகை விட்டு இறங்கி, காட்டினூடே நடந்து அவர்கள் சேர்ந்த இடமே அம்பாங். ஒரு மாதத்திற்குள் அவர்களுள் 69 பேர் மலேரியாவுக்கு இரையாயினர். எனினும் முயற்சி நிற்கவில்லை. 1859இல் அம்பாங்கின் ஈயம் வெளியூர் சென்றது. அம்பாங் என்னும் பெயரே நீரைத் தேக்கும் அணையைக் குறிக்கும் மலாய்ச் சொல்லின் வழியது என்பர்.

ஈயலம்பம் போன பின்பும் அதன் அடையாளம் மண்ணில் நிற்கிறது. ஈயத்தாது கனமானது, மண்ணை நீரால் கரைத்து ஓடவிட்டால் தாது அடியில் தங்கும். மீந்த மணல் ஒருபுறம் குவிக்கப்பட்டது. நுண்ணிய களிச்சேறு குட்டைகளில் படிந்தது. ஆகவே பழைய சுரங்க நிலத்தில் ஒரு வீட்டின் முற்றம் வெறும் மணலாகவும், அடுத்த தெருவின் முற்றம் வழுவழுப்பான களியாகவும் இருத்தல் கூடும். மலைச்சரிவை ஒட்டிய பகுதிகளிலோ, கருங்கற்பாறை சிதைந்து உண்டான புளிப்பு மிக்க செம்மஞ்சள் மண் காணப்படும். வீடு கட்டியோர் மேட்டை வெட்டிப் பள்ளத்தை நிரப்பியதால், சத்துள்ள மேல்மண் பல இடங்களில் புதைந்து போயிற்று.

தம் வீட்டு மண் எத்தகையது என்று அறிய எளிய வழி உண்டு. ஒன்றரை அடி ஆழத்தில் குழி வெட்டி, அதில் நீரை நிரப்பிப் பார்க்கலாம். சில நிமிடங்களில் நீர் மறைந்துவிட்டால் அது மணல். அதற்குத் தழையும் மட்கிய எருவும் மிகுதியாக வேண்டும். மறுநாளும் நீர் நின்றால் அது களி. அங்கே குழியில் நடாமல், ஓரடி உயரத்திற்கு மேடு கட்டி அதன்மேல் நடுதல் வேண்டும். கொய்யா எந்த மண்ணிலும் பிழைக்கும் என்பது உண்மையே. ஆனால் பிழைத்திருத்தல் வேறு, காய்த்தல் வேறு. வேரில் நீர் தேங்கி நிற்பதை அது நெடுநாள் பொறாது.

கன்றைத் தேர்தல்

தின்ற பழத்தின் விதையை மண்ணில் போட்டு மரமாக்குவது எளிது. ஆயினும் அம்மரம் தாய்மரத்தை ஒத்திருக்கும் என்பதற்கு உறுதியில்லை. கொய்யாவின் பூக்களில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு அயல் மகரந்தத்தால் கருவுறுகின்றன. அதனால் இனிய பழத்தின் விதை, புளித்த பழம் தரும் மரமாகவும் முளைக்கலாம். விதைக்கன்று காய்க்க மூன்று நான்கு ஆண்டுகள் ஆகலாம். பதியன் கன்றோ ஓராண்டளவில் பூத்துவிடும். தாயின் குணமும் மாறாது.

பதியன் போடும் முறையைப் பால்மரம் சீவிப் பழகிய குடும்பத்தார் விரைவில் விளங்கிக் கொள்வர். சீவும்போது கத்தி பட்டையைக் கடந்து மரத்தைத் தொடலாகாது என்பது அத்தொழிலின் முதற்பாடம். பதியனில் அதற்கு மாறாக, பென்சில் பருமனுள்ள கிளையில் ஓர் அங்குல அகலத்திற்குப் பட்டையை வளையமாக உரித்தெடுத்து, உள்ளேயுள்ள வழுவழுப்பையும் சுரண்டிவிட வேண்டும். வேர் உறிஞ்சும் நீர் நடுமரத்தின் வழியே மேலே செல்வதால் கிளை வாடாது. இலை சமைத்த உணவு பட்டையின் வழியே கீழே இறங்குவதால், வெட்டிய இடத்தில் தடைப்பட்டு அங்கேயே சேரும். அவ்விடத்தை ஈரமான தென்னை நார்த்தூளால் மூடி, பிளாஸ்டிக் தாளால் இறுகக் கட்டினால், சேர்ந்த உணவு வேராக வெளிப்படும். நான்கு முதல் எட்டு வாரத்தில் வேர் கண்ணுக்குத் தெரியும். பின் கிளையை அறுத்துச் சிறு தொட்டியில் நட்டுத் தேற்றலாம். பதியன் கன்றுக்கு ஆணிவேர் இல்லை. ஆகவே புயற்காற்றில் சாயாதபடி ஓராண்டுக் காலமாவது முட்டுக்கோல் வேண்டும்.

வகைகளுள், பெரிய வெண்சதைக் கொய்யா மலேசியாவில் பெரிதும் விரும்பப்படுவது. கோலாலம்பூரிலிருந்து வடக்கே செல்லும் பழைய நெடுஞ்சாலையில் உள்ள பீடோர், கொய்யாவுக்குப் பெயர்பெற்ற ஊர். தமிழகத்தில் பழனிக்கு அருகிலுள்ள ஆயக்குடி அவ்வாறே பெயர் பெற்றது. விதையில்லாக் கொய்யாவை நாடுவோர் ஒன்றை அறிதல் நல்லது. சாதாரணக் கொய்யாவின் உயிரணுவில் 22 நிறக்கோல்கள் உள. விதையற்ற வகைகள் பலவற்றில் 33. மூன்று தொகுதியாக நிற்கும் நிறக்கோல்கள் இரண்டு சம பங்காகப் பிரிய மாட்டாமையால் விதை உருவாவதில்லை. விதை இல்லாமையின் விலையாக, அம்மரங்கள் குறைவாகக் காய்க்கும். காய்களும் கோணலாகத் திரளும்.

நடுதலும் ஊட்டுதலும்

நாளொன்றுக்கு ஆறு மணி நேரமாவது வெயில் விழும் இடமே கொய்யாவுக்கு ஏற்றது. சுவரிலிருந்தும் பின்புறக் கால்வாயிலிருந்தும் பத்தடி விலகி நடுதல் நன்று. இரண்டடி நீள அகல ஆழமுள்ள குழியில், மேல்மண்ணோடு நன்றாக மட்கிய எருவைக் கலந்து நிரப்ப வேண்டும். மட்காத கோழி எரு சூடு மிக்கது, இளவேரைக் கருக்கிவிடும். புளிப்பு மிக்க மண்ணாயின், மக்னீசியம் கலந்த சுண்ணாம்புத் தூளைச் சில வாரங்களுக்கு முன்பே கலந்து வைக்கலாம். அடி இலைகளில் நரம்பு பச்சையாக இருக்க, இடைப்பகுதி மட்டும் மஞ்சளாவது மக்னீசியக் குறைவின் அறிகுறி.

கிள்ளான் பள்ளத்தாக்கில் ஆண்டு மழை 2,400 மில்லி மீட்டருக்குக் குறையாது. சென்னையில் அது 1,400 மில்லி மீட்டர் அளவே. ஏப்ரலை ஒட்டியும், அக்டோபர், நவம்பரிலும் மழை மிகும். எனவே மார்ச்சு இறுதியும் அக்டோபர்த் தொடக்கமும் நடுவதற்கு ஏற்ற காலம். மழை மிகுந்த நாட்டில் உரம் கரைந்து ஓடிவிடும் என்பதை மறத்தல் கூடாது. ஆண்டுக்கொரு முறை அள்ளிக் கொட்டுவதினும், இரண்டு மாதத்துக்கொரு முறை ஒரு கைப்பிடி இடுவதே பயன் தரும். இளமரத்திற்குத் தழைச்சத்தும் மணிச்சத்தும், காய்க்கும் மரத்திற்குச் சாம்பல் சத்தும் மிகுதியாக வேண்டும். உரத்தை அடிமரத்தை ஒட்டிப் போடாமல், கிளைநுனியின் நிழல் விழும் வட்டத்தில் தூவ வேண்டும்; உறிஞ்சும் வேர்கள் அங்கேதான் உள்ளன.

முற்றம் இல்லாத அடுக்கு வீட்டாரும் மனம் தளர வேண்டுவதில்லை. 60 லிட்டர் கொள்ளும் பீப்பாயில், அடியில் துளைகள் இட்டு வளர்த்தால் பதியன் கன்று நன்றாகவே காய்க்கும்.

கவாத்தின் காரணம்

கொய்யா புதுத்தளிரின் இலைக்கக்கத்திலேயே பூக்கும். ஒருமுறை காய்த்து முதிர்ந்த குச்சி மீண்டும் பூக்காது. கவாத்தின் நுட்பம் முழுதும் இவ்வொரு செய்தியில் அடங்கியுள்ளது. வெட்டினால் தளிர்க்கும்; தளிர்த்தால் பூக்கும். வெட்டாத மரம் ஆண்டுதோறும் உயர்ந்து, உச்சியில் மட்டும் காய்த்து, பறவைக்கும் வௌவாலுக்கும் விருந்தாகும்.

இந்தியாவின் உழவர் பூவைத் தம் விருப்பம்போல் வரவழைக்கச் சில திங்கள் நீரை நிறுத்தி, இலையுதிரச் செய்து, பின் நீரும் எருவும் பாய்ச்சுவர். அம்பாங்கில் வானத்தின் மதகை அடைப்பவர் யார்? அங்கே வறட்சி செய்யும் வேலையை இங்கே கத்தரி செய்ய வேண்டியுள்ளது.

கன்று இரண்டரை அடி உயர்ந்ததும் நுனியைக் கிள்ளிவிட வேண்டும். பக்கவாட்டில் எழும் கிளைகளுள், வெவ்வேறு திசை நோக்கிய மூன்று நான்கை மட்டும் நிறுத்திப் பிறவற்றை நீக்கினால், மரம் நடுவே திறந்த கிண்ணம் போல் அமையும். வெயிலும் காற்றும் உள்ளே புகும். பிறகு அறுவடை முடியுந்தோறும், காய்த்த குச்சிகளை மூன்றிலொரு பங்கு குறைக்கலாம். அடியிலிருந்து நேராக விரைந்தெழும் நீர்க்குருத்துகளை அவ்வப்போது களைதல் வேண்டும். மரம் நிற்பவர் கைக்கு எட்டும் உயரத்தைக் கடக்க விடலாகாது.

கிளைகளைப் பங்கு பங்காக வெட்டினால் ஆண்டு முழுதும் சிறிது சிறிதாகப் பழம் கிடைக்கும். ஒரே முறையில் வெட்டினால் பழம் ஒருசேர வரும். இடையே பழமற்ற இடைவெளியும் கிடைக்கும். பழ ஈயின் தொல்லை மிகுந்த இடத்தில் இரண்டாவது முறையே சிறந்தது. இடையறாது பழம் தரும் மரம் இடையறாது ஈயையும் வளர்க்கும் அன்றோ?

பழ ஈயும் காகிதப் பையும்

இனிப் பெரும்பகைக்கு வருவோம். பழத்தினுள் இருக்கும் புழு தானே தோன்றியதன்று. காம்பின் வழியே ஏறியதும் அன்று. குளவி போன்ற தோற்றமும், மஞ்சட் கோடுகளும், கண்ணாடிச் சிறகுகளும் உடைய பழ ஈயின் பெண், முதிரும் காயின் தோலை ஊசி போன்ற உறுப்பால் துளைத்து உள்ளே முட்டையிடுகிறது. ஓரிரு நாளில் புழு வெளிவரும். ஒரு வாரத்திற்கும் சற்று மேலாகச் சதையைத் தின்று கொழுத்து, பழம் விழுந்ததும் மண்ணில் இறங்கிக் கூட்டுப்புழுவாகும். பத்து நாள் கழிந்தால் புதிய ஈ. ஒரு பெண் ஈ தன் வாழ்நாளில் ஆயிரத்துக்கு மேற்பட்ட முட்டையிட வல்லது. குளிர்காலம் உள்ள நாட்டில் இப்பெருக்கத்துக்குத் தடை உண்டு, கோலாலம்பூரில் இல்லை.

மலாய்த் தீபகற்பத்தின் பழ ஈயை 1994இல் அறிஞர்கள் தனி இனமாகப் பிரித்துப் பெயரிட்டனர். பின்னர் மேலும் ஆய்ந்தவர்கள் 2015இல் அது கீழ்நாட்டுப் பழ ஈயோடு ஒரே இனம் என்று முடிவு கட்டினர். பெயர் மாறியதே தவிர, அதன் பழக்கம் மாறவில்லை.

புழு சதைக்குள் வாழ்வதால், மேலே தெளிக்கும் மருந்து அதனைத் தீண்டாது. ஊடுருவும் நஞ்சாயின் அது உண்பவரையும் தீண்டும். ஆகவே முட்டையிடும் முன்பே தடுப்பதுதான் வழி. காய் எலுமிச்சை அளவை எட்டும் முன், ஓர் அங்குலக் குறுக்களவில் இருக்கும்போதே, உறையிட்டுவிட வேண்டும். அந்நிலையில் காய் கெட்டியாகவும் துவர்ப்பாகவும் இருப்பதால் ஈ அதனை நாடாது. அதன் பின் தாமதித்தால், முட்டையோடு சேர்த்து உறையிட்டதாக முடியும்.

உறையிடுமுன் காயைக் கலைத்தல் வேண்டும். கொத்துக்கு ஒன்றும், தளிருக்கு இரண்டுமாக நிறுத்தி எஞ்சியவற்றைக் கிள்ளிவிட்டால், நிற்பவை பெருக்கும். நேற்றைய நாளிதழை இரண்டாக மடித்துப் பையாக ஒட்டி, காம்பைச் சுற்றிக் கட்டலாம். படித்து முடித்த தாளுக்கு இதனினும் நற்பயன் வேறில்லை. அடைமழையில் காகிதம் கிழியுமாதலால், மெல்லிய பிளாஸ்டிக் பையைப் பயன்படுத்துவோரும் உண்டு. அதன் அடிமூலைகள் இரண்டையும் தவறாது வெட்டிவிட வேண்டும். இல்லையேல் பையில் நீர் சேர்ந்து காய் அழுகும். கேடு அத்துடனும் நில்லாது.

துளசியின் மணத்தை ஆண் ஈ நாடி வரும். அம்மணத்திற்குரிய பொருள்களுள் ஒன்றான மெதில் யூஜினால், ஆண் ஈக்களை ஈர்க்கும் என்பதை இந்தியாவின் பூசா ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய ஹௌலெட் 1915இல் வெளியிட்டார். கடைகளில் கிடைக்கும் ஈப்பொறிகள் பலவற்றில் உள்ளது அதுவே. பொறியில் நூற்றுக்கணக்கான ஈக்கள் விழக் கண்டு மகிழ்ந்துவிடலாகாது, விழுந்தவை ஆண்களே. எஞ்சிய ஓர் ஆண் பல பெண்களோடு கூடும். அயல் வீட்டிலிருந்து சூல் கொண்ட பெண்ணும் பறந்து வரும். பொறி துணையாகுமே அன்றி உறைக்கு ஈடாகாது.

உறையினும் முதன்மையானது ஒன்று உண்டு. விழுந்த பழத்தை அன்றன்றே பொறுக்கிவிட வேண்டும். அதனைக் குப்பைமேட்டில் எறிந்தால் புழு மண்ணில் இறங்கிவிடும். கறுப்புப் பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி ஒரு வாரம் வெயிலில் வைத்தாலோ, இரண்டடி ஆழத்தில் புதைத்தாலோ ஈயின் வழி அறும். ஒரு தெருவில் ஒருவர் மட்டும் இதனைச் செய்தால் பயன் குறைவு; பத்து வீட்டார் கூடிச் செய்தால் பயன் பெரிது.

நீர் தேங்கலாகாது

1857இல் அம்பாங்குக்கு வந்த 69 உயிர்களைக் கொண்டது கொசு. அக்கொசுவே மலேரியாவைப் பரப்புகிறது என்பது 1897இல் ரொனால்டு ராசு ஆராய்ந்து காட்டும் வரை உலகம் அறியாதது. 1901இல் மால்கம் வாட்சன் கிள்ளானிலும் அதன் துறைமுகத்திலும் சதுப்பு நீரை வடித்து மலேரியாவை ஒடுக்கினார். அந்தக் கொசு ஓடையிலும் சதுப்பிலும் வளர்வது. இன்று டெங்கிக் காய்ச்சலைத் தரும் ஏடிசு கொசுவோ, வீட்டாரே வைத்த நீரில் வளர்வது. தொட்டியின் அடித்தட்டு, கவிழ்க்காத வாளி, கொய்யாவில் கட்டிய பையின் மடிப்பு ஆகியவை அதற்குப் போதும். முட்டை கொசுவாக ஒரு வாரத்தை ஒட்டிய காலமே ஆகிறது.

ஆகவே வாரம் ஒருமுறை தட்டுகளைக் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவ வேண்டும். முட்டைகள் ஓரத்தில் ஒட்டிக் கிடப்பதால், நீரைக் கொட்டினால் மட்டும் போதாது. நோய் பரப்பும் பூச்சிகளை அழிப்பதற்கான மலேசியச் சட்டம் 1975ஆம் ஆண்டிலிருந்து நடப்பில் உள்ளது. கொசுப்புழு காணப்பட்ட வீட்டாருக்குத் தண்டம் விதிக்க அது இடந்தருகிறது. ஆயினும் தண்டத்திற்கு அஞ்சிச் செய்வதினும், அடுத்த வீட்டுக் குழந்தைக்கு இரங்கிச் செய்வதே மேல்.

பிற நோய்கள்

இலையின் அடியில் வெண்பஞ்சு போல் படிவன மாவுப்பூச்சியும் வெள்ளை ஈயும் ஆம். அவை கசியவிடும் இனிப்பு நீரில் கரும்பூசணம் பரவி, இலை புகைபிடித்தது போல் ஆகும். எறும்பு அவற்றைக் காத்து நிற்கும். அடிமரத்தில் எறும்பேறாமல் தடுப்பது பாதி வைத்தியம். எஞ்சிய பாதிக்கு, நீரை விசையாகப் பீச்சி அடித்தலும், மெல்லிய சோப்புக் கரைசலும் போதும்.

நீரும் உரமும் இருந்தும் மரம் வெளுத்து வாடுமாயின், வேரைத் தோண்டிப் பார்த்தல் வேண்டும். மணி மணியாக முடிச்சுகள் இருந்தால் அது வேர்முடிச்சு நூற்புழுவின் வேலை. மணற்பாங்கான நிலத்தில் இது மிகும். முற்றிய பின் தீர்ப்பது அரிது. மட்கிய எரு வேரைத் தேற்றும். வருமுன் காப்பதே அறிவுடைமை. கன்று வாங்கும்போது இலையைப் பார்ப்பவர் பலர். பையைக் கழற்றி வேரையும் பார்க்க வேண்டும்.

கொய்யும் காலம்

பூத்ததிலிருந்து சற்றொப்ப நான்கு மாதத்தில் காய் முதிரும். வகைக்கும் வானிலைக்கும் ஏற்ப இக்காலம் சிறிது கூடும், குறையும். கரும்பச்சை நிறம் மாறி இளம்பச்சையாக வெளுப்பதே பறிக்கும் அடையாளம். தமிழகத்தார் மஞ்சளாகிக் குழைந்த பழத்தை விரும்புவர். மலேசியாவிலோ மொறுமொறுப்பான செங்காயை நறுக்கி, அசாம்போய்த் தூளில் தோய்த்து உண்பர். இப்பழக்கத்தில் ஒரு நன்மையும் உண்டு. பழுத்து மணக்கும் முன்னரே பறிப்பதால், ஈக்குக் கிடைக்கும் காலம் சுருங்குகிறது. நூறு கிராம் கொய்யாவில் 'சி' உயிர்ச்சத்து 200 மில்லிகிராமுக்கு மேல் உள்ளது. ஆரஞ்சுப் பழத்தில் உள்ளதைப் போல் ஏறத்தாழ நான்கு மடங்கு. தோலிலும் அதனை ஒட்டிய சதையிலும் அது மிகுதியாதலால், தோலைச் சீவி எறிதல் தகாது.

பேணாத கொய்யா ஊருக்கும் சுமையாகக் கூடும். காலாபகோசுத் தீவுகளில் மனிதர் கொண்டு சென்ற கொய்யா, பறவையாலும் விலங்காலும் விதை பரவிக் காடாகி, அந்நிலத்துக்குரிய செடிகளை நெருக்கி வருகிறது. மரத்தின் மீது குற்றமில்லை. பறிப்பார் இன்றி விட்ட கனியின் விளைவு அது.

தமிழ்ப்பள்ளியின் முற்றத்தில் ஒரு கொய்யா நின்றால், மகரந்தச் சேர்க்கையும், வேரின் வேலையும், பூச்சியின் நால்வகைப் பருவமும், பெயரெச்சமும் வினையெச்சமும் அதன் நிழலிலேயே கற்பிக்கப்படலாம். வாரத்துக்கொரு மாணவர் குழு காய்களுக்கு உறையிட்டு, விழுந்தவற்றைப் பொறுக்கி, தட்டுகளைக் கவிழ்த்து வந்தால், அவ்வறிவு வீட்டுக்கும் செல்லும்.

வகுப்பில் எழுந்த கேள்விக்கு அப்பொழுது விடையும் கிடைத்துவிடும். கொய்யாது விட்ட கனி ஈயை வளர்க்கும். காலத்தில் கொய்த கனி வீட்டை வளர்க்கும். எதிர்மறைப் பெயரெச்சமாக நிற்பதை உடன்பாட்டு வினையெச்சமாக்குவது மரமன்று, பேணுவோர் கையே.